மடங்கிய சுண்டுவிரல்

சூரியநெல்லி,
14.3.77

அத்தானுக்கு,

நலமா என்று கேட்டு எழுத எனக்குப் பொறுமையில்லை. உங்கள் வலது முழங்கையில் அறுந்த நரம்பை மதுரையில் தைத்து ஏழு மாதமாகிறது. டாக்டர் என்ன சொன்னார்? "நரம்பு பிழைச்சு வளர ஒரு சத்து வேணும்மா. சுத்தியிருக்கிற சதையிலிருந்துதான் அது கிடைக்குது. தினமும் விரலை மடக்கப் பார்க்கணும். சும்மா வச்சிருந்தா மூளையே அந்தக் கையை மறந்துரும்" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சாந்தன்பாறையில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

நேற்று வந்து பார்த்தால், மதினி சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். "பாவம், கையில உசிரே இல்ல. நான் ஊட்டலன்னா எந்தம்பி பட்டினிதான் கெடப்பான்" என்கிறார். நீங்களும் வாயைத் திறக்கிறீர்கள்! டீ பாக்டரியில் மெஷின் ஓட்டிய நாற்பது வயது ஆள். அங்கே உங்கள் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள், தெரியுமா? ஆத்திரத்தில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

பஸ் ஜன்னல் வழியாக என் பையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தீர்களே, அப்போது உங்கள் வலது சுண்டுவிரல் மடங்கிப் பையின் காதைப் பிடித்திருந்தது. நான் இழுத்தும் சட்டென்று விடவில்லை. நீங்கள் கவனிக்கவே இல்லை. சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பூப்பாறை வரும்வரை அழுதேன். கோபத்தில்தான்.

சனிக்கிழமை வந்து சேருங்கள். சோறும் குழம்பும் நான் வைப்பேன். பிசைந்து சாப்பிடுவது நீங்கள்தான். சிந்தினால் சிந்தட்டும்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் வீட்டுக்காரி