ஒன்பது நாள் அத்தை

ஜூலை 7, திங்கள்
மழை. குர்லாவில் தண்டவாளம் தெரியவில்லை. அரை நாள் லீவு போட்டுச் சாதிச் சான்று சரிபார்க்கும் ஆபீசுக்குப் போனேன். மகள் நந்தினிக்காக அவர்கள் கேட்பது ஒன்றே: 1950-க்கு முன் எங்கள் குடும்பம் பம்பாயில் இருந்ததற்கு ஒரு காகிதம். அதற்குப் பின் வந்தவர்களின் சாதி இங்கே செல்லாது. 23-ஆம் தேதிக்குள் சான்று வராவிட்டால் அவளுடைய நர்சிங் சீட் போய்விடும்.

என் தாத்தா பெருமாள், தாராவித் தோல் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க உழைத்தவர். சாட்சி: அவர் நகங்களின் நிறம். நகல் எடுக்க முடியாது.

எனக்கும் தாத்தா பெயர்தான். விண்ணப்பத்தைப் பார்த்த குமாஸ்தா, "அரே, தாத்தாவே வந்தாச்சு. காகிதம் எதுக்கு?" என்றார். வரிசையில் மூன்று பேர் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 10, வியாழன்
தூறல். செம்பூர் வீட்டில் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாயிற்று. கையிருப்பு:
தாத்தா சாவு: நாங்குநேரி.
அப்பா பிறப்பு: நாங்குநேரி.
என் பிறப்பு: நாங்குநேரி.
அப்பாவின் பள்ளிச் சான்று: தாராவி. ஐம்பதுக்குப் பிறகு. உதவாது.
பழைய ரேஷன் கார்டு: ஏதோ ஒரு மழையோடு போனது.

ஏழாம் மாதம் ஆனதும் பெண்களை ஊருக்கு ரயிலேற்றிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். சாகக் கிடப்பவர்களையும் அப்படியே. ஆக, என் தலைமுறைவரை எங்களில் யாரும் பம்பாயில் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. நடுவில் உழைத்தோம். அதற்குப் பதிவேடு கிடையாது.

நந்தினி: "ஒருத்தர்கூட இங்க பொறக்கலயா பப்பா? க்யா ஃபேமிலி ஹை."

ஜூலை 14, திங்கள்
மாநகராட்சிப் பதிவேட்டு அறை, மூன்றாம் முறை. தும்மல். எதைத் தேடுவது என்று தெரியாததால் தாராவியின் பழைய இறப்புப் புத்தகங்களில் 'பெருமாள்' என்ற பெயரைத் தேடினேன். ஏகப்பட்ட பெருமாள்கள். நாலு மணி வாக்கில் ஒரு வரி:

பெண் குழந்தை. பெயர் இடத்தில் ஒரு கோடு. வயது ஒன்பது நாள். குறைப்பிரசவம். தந்தை பெருமாள், தோல் கம்பெனி. சொந்த ஊர் நாங்குநேரி. தாயின் பெயர், எங்கள் ஆச்சியின் பெயர். ஐம்பதுக்கு மூன்று வருடம் முன்.

வரியை விரலால் துடைத்தேன். தூசி.

அப்பாவுக்குத் தெரியாது. நகலை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு முன்னால ஒண்ணா?"

"ஆமாப்பா. அக்கா."

"அதாம்ல எங்கய்யா, ஏழாம் மாசம் ஆச்சுன்னா பொம்பளையள ரயிலேத்தி விடாம தூங்கமாட்டாவ." நகலை மடித்தார். மறுபடி பிரித்தார். "நாந்தான் மூத்தவன்னு இம்புட்டு வருசமா எல்லா விசேஷத்துலயும் முன்னால நின்னுருக்கேன்."

யாரும் இங்கே பிறக்காமல் போனது அவளால். இங்கே இருந்தோம் என்பதற்கு மிச்சமும் அவள்தான். ஒன்பது நாளில் இவ்வளவு வேலை. நான் இருபத்தைந்து வருடமாக கூரியர் ஆபீசில் இருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்
வெயில், காரணமில்லாமல். நகலில் முத்திரை வாங்கவே எட்டு நாள் ஆனது; அதோடு போனேன். குமாஸ்தாவுக்கே சந்தோஷம்; டீ வரவழைத்தார். வம்சாவளியை வரைந்து பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும். வரைந்தேன். தாத்தாவுக்குக் கீழே இரண்டு கட்டம். அப்பாவுக்கு முந்தைய கட்டம் காலி.

"நாம்?" பெயரைக் கேட்டார்.

"வைக்கவில்லை."

"காலி நஹீ சலேகா." காலியாக விடக் கூடாதாம்.

சரி, ஒரு பெயர் எழுதுகிறேன் என்றேன். அவர் உண்மையாகவே வருந்தினார். எழுதினால் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போகாது. எழுதாவிட்டால் பத்திரம் முழுமையாகாது. மேலதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும். விசாரணைத் தேதி: ஆகஸ்ட் 6.

நாளை 23.

டீ நன்றாக இருந்தது.

ஜூலை 23, புதன்
கல்லூரிக்கு நாலு தடவை போன். நாலாவது தடவை: "ஸார், வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து ஆள் எடுத்தாச்சு."

நந்தினி அழவில்லை. கல்லூரி வாட்ஸப் குரூப்பிலிருந்து வெளியே வந்தாள். பிறகு மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள். எல்லாருடையதையும்.

ஜூலை 24, வியாழன்
மழை. ஆடி அமாவாசை. வாழையிலை வாங்க செம்பூர் ஸ்டேஷன்வரை. வழக்கமாக இரண்டு இலை: தாத்தாவுக்கு, ஆச்சிக்கு. அப்பா மூன்றாவதை விரித்தார்.

"பச்சப்புள்ளைக்குப் படையல் கிடையாதேப்பா."

"தெரியும்ல. நீ தள்ளு."

சோறு வைக்கவில்லை. நந்தினியைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் பால் வைக்கச் சொன்னார்.

"இது யாருக்கு தாத்தா?"

"எங்கக்காவுக்கு."

"பேரு?"

அப்பா என்னைப் பார்த்தார், ஆபீசில் கேட்டு வந்திருப்பேன் என்பதுபோல.