வலது கால், இடது மூளை

ஜனவரி 9
முதலாண்டுக்கு இன்று வாய்மொழித் தேர்வு. டிசெக்‌ஷன் ஹாலில் மேசைமேல் நானே செய்த மாடல். சிவப்பு ஒயர் உச்சந்தலையில் கிளம்பி, மூளையின் அடியிலுள்ள முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தில் இறங்கிக் காலுக்குப் போகிறது. மூளை உத்தரவு போடும், கால் நடக்கும் — அதற்கான வழி. இதைவிடச் சுலபமாக யாராலும் காட்ட முடியாது. "தண்டுவடத்துல வலப்பக்கம் இந்த ஒயரை அறுத்தா எந்தக் கால் போகும்?" என்று கேட்டேன். பதினோரு பேர் "இடது, மேடம்" என்றார்கள். 'எதிர்ப்பக்கம்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் உருப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். முகுளத்தில் ஏற்கெனவே தாண்டியாகிவிட்டதே, இன்னொரு தடவை எதற்கு? பதினோரு பேருக்கும் பூஜ்யம். எனக்கு 'மண்டையோடு' என்று பட்டப்பெயர் வைக்க மட்டும் மூளை வேலை செய்கிறது.

ஜனவரி 22
கல்லூரி வராந்தாவில் வலது கால் செருப்பு கழன்றுவிட்டது. அது தெரியாமல் நான் நாலு எட்டு போயிருக்கிறேன். பக்கத்துத் துறைப் பேராசிரியர் 'தவளை' கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். (அவரோடு அதிக நேரம் பொறுமையாக இருந்தவை ஆய்வகத் தவளைகள் மட்டும்தான்.) "மேடம், உங்க சொத்து!" என்றார். வராந்தா முழுக்கச் சிரிப்பு.
வார் தளர்ந்துவிட்டது. வேறென்ன.

பிப்ரவரி 3
வீட்டுக்காரர் செருப்புக் கடை வைத்திருக்கிறார். டாக்டருக்குப் படித்தவள் செருப்புக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாளே என்று சொந்தக்காரர்கள் இருபத்தாறு வருடமாக வாய் பிளந்தது பிளந்தபடி இருக்கிறார்கள். இன்று என் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வலது மட்டும் முன்னாடி தேஞ்சிருக்கு. காலை இழுத்து நடக்கிற நீ. டாக்டர்கிட்ட காட்டு."
"நானே டாக்டர்தான்."
"நீ பொணத்துக்கு டாக்டர்."
பேச்சைப் பார்! சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 4
கதவைத் தாழிட்டுக்கொண்டு, சாவியால் உள்ளங்காலைக் கீறினேன். இடது — விரல்கள் கீழே மடங்கின. வலது — பெருவிரல் மெதுவாக மேலே போனது. இன்னொரு தடவை கீறினேன். மேலே.
கைக்குழந்தைக்கு அப்படி மேலே போகலாம். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. மூளையிலிருந்து இறங்கும் பாதை எங்கோ கெட்டிருக்கிறது. வருடத்துக்கு நூற்றைம்பது பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போனவள் நான்.

பிப்ரவரி 6
கண்டுபிடித்துவிட்டேன். வலது கால், ஆகவே இடது மூளை. கை நன்றாக இருக்கிறது, முகம் கோணவில்லை. காலுக்கான இடம் உச்சியில், மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள பிளவின் ஓரம். அங்கேதான் ஒரு கட்டி இருக்க வேண்டும். என்ன சுத்தமான தர்க்கம்! கட்டி வந்தவளுக்கு இவ்வளவு பெருமிதம் ஆகாது. ஸ்கேன் துறைத் தோழியிடம், "தலையை மட்டும் எடு. கேள்வி கேக்காத" என்றேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

பிப்ரவரி 8
மூளையில் ஒன்றுமில்லை! தோழி மூன்று தடவை பார்த்துவிட்டாள். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வரும் வழியில் அவருக்கு இரண்டு சட்டை எடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். "சும்மா" என்றேன். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போட்டுப் பார்த்தார்.

மார்ச் 2
மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வயது.

மார்ச் 27
வகுப்பில் சாக்பீஸ் இரண்டு தடவை கீழே விழுந்தது. காலையில் சட்டைப் பொத்தான்களோடு ஏழு நிமிடம் மல்லுக்கட்டினேன். வலது கையும் வேண்டுமா இதற்கு? கடைசியில் அவர்தான் வந்து போட்டுவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

ஏப்ரல் 4
வீட்டுக்காரர் நரம்பு டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். என் பழைய மாணவர்தான் அந்த டாக்டர். இப்போது தலையில் பாதி நரை. சுத்தியலால் முட்டியைத் தட்டினார். என் கால் அவரை உதைக்கப் போனது. தலை ஸ்கேனை நீட்டி, "மூளை சரியா இருக்கு" என்று அதட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.
"கழுத்தை எடுத்தீங்களா, மேடம்?"
கழுத்து.
முகுளத்தில் தாண்டிய பிறகு பாதை அந்தப் பக்கமாகவேதான் இறங்குகிறது. கழுத்தில் வலப்பக்கம் அமுங்கினால் வலது கால். பதினோரு பேருக்குப் பூஜ்யம் போட்ட கேள்வி! அவர்களுக்காவது யோசிக்க அரை நிமிடம்தான் கிடைத்தது. நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு அதே தப்பைச் செய்திருக்கிறேன். டாக்டர் கொஞ்சம் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மரியாதையாக இருந்துவிட்டார், பாவி.

ஏப்ரல் 7
கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு (டிஸ்க்) ஒன்று பிதுங்கித் தண்டுவடத்தை அமுக்குகிறது. சுண்டுவிரல் கனம்தான் அந்த வடம். ஆபரேஷன் செய்தாக வேண்டும்.
"விட்டா கையும் போயிடும், மேடம். இடது காலும்."
"ஏற்கெனவே போன கால்?"
"இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். போனது... பார்ப்போம்."
டாக்டர்களின் 'பார்ப்போம்' எனக்குத் தெரியாதா? வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என் பையை வாங்கிக்கொண்டு, "கால் சரியாயிடும்ல?" என்றார்.
"ஆயிடும்" என்றேன்.

ஏப்ரல் 12
நாளை. பயமாக இருக்கிறது. முன்கழுத்தில் கத்தி எதை எதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். ஒன்றும் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். செருப்பைப் பார்த்துச் சொன்னாரே, அன்றைக்கே போயிருந்தால்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அறிவாளி. பெரிய அறிவாளி. சீ!

மே 3
கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் வலது கையால்தான் எழுதுகிறேன். பொத்தான் மூன்று நிமிடம். கால் அப்படியே இருக்கிறது.
நாத்தனார் பார்க்க வந்தாள். "நீங்களே டாக்டராச்சே அண்ணி, முதல்லயே தெரியலையா?" ஆஸ்பத்திரியில் ஊசி போட ஆள் தேடுகிறார்களாம். இவளைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜூன் 11
அவர் தினமும் சாயங்காலம் என்னைத் தெருமுனைவரை நடக்கவைக்கிறார். "நேத்தைவிட இன்னிக்கு நல்லா இருக்கு" என்கிறார். நேற்றும் இதையேதான் சொன்னார். முந்தாநாளும். இந்தக் கணக்கில் நான் இதற்குள் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியிருக்க வேண்டும். தலையாட்டி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 19
மறுபடி வகுப்பு. புது மாணவர்கள், முதல் பிரிவு. நாற்காலியில் உட்கார்ந்து, வெறுங்காலை எதிரே ஸ்டூலில் நீட்டிக்கொண்டேன்.
"மூளையிலேருந்து இறங்குற பாதையில அடிபட்டா என்ன ஆகும்னு புத்தகத்துல படம் இருக்கும். இங்க காலே இருக்கு. ஒவ்வொருத்தரா வந்து கீறிப் பாருங்க."
முதல் ஆள் ஓரடி பின்னால் போனான். "நானா, மேடம்?"
"இல்ல, உங்க அப்பாவ வரச் சொல்லு."
சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். கீறினார்கள். விரல் தவறாமல் மேலே போனது. இந்த ஒரு விஷயத்தில் என் கால் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஐந்தாவதாக வந்த பெண் கீறிவிட்டு, கீறிய இடத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள், எனக்கு வலித்திருக்கும் என்று நினைத்து.
"இது சரியாயிடுமா, மேடம்?"
"ஆகாது" என்றேன்.
நாலு மாதமாகத் தெரியும். வாய்விட்டுச் சொன்னது இப்போதுதான். அவரிடம்கூடச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்துகிற சாக்கில் கைக்குட்டையை எடுத்தேன். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்தது யாரு?" என்றேன். வரிசையில் இன்னும் முப்பத்தாறு பேர் நின்றார்கள்.