பதினேழாம் வரிசையை உழ வேண்டாம்

அனுப்புநர்:
களப் பதிவாளர், மூன்றாம் வலைக்கூடம்,
தீவனப் பயறு ஆராய்ச்சிப் பண்ணை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், மேற்படி பண்ணை.

பொருள்: பதினேழாம் வரிசைத் தட்டைப்பயறுச் செடிகளை இன்று உழும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கூடத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை நாங்களே செடிகள்மேல் விட்டு, எது தாங்குகிறது என்று பார்க்கிறோம். ஆனால் பதிவுப் படிவத்தில் "பூச்சி உண்டா?" என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது. "உண்டு" என்று எழுதினேன். அதைப் படித்த அலுவலகம், வரிசை முழுவதும் தோற்றதாக முடிவுசெய்துவிட்டது.

2. ஐயா, பூச்சி மொய்க்கத்தான் செய்கிறது. பெரும்பாலான செடிகள் வாடவில்லை. இதை ஓரத்தில் குறிக்கப் போனேன். மேற்பார்வையாளர், "இருக்கா இல்லையா, அத மட்டும் எழுதும்மா. கதை வேணாம்" என்றார். கதையே அங்கேதான் இருக்கிறது!

3. தாங்கும் செடி ஒன்றை, பூச்சி வந்தால் வாடிவிடும் வழக்கமான ரகத்தோடு விஞ்ஞானி அம்மா கலப்பு செய்தார். பிள்ளைச் செடிகள் அத்தனையும் தாங்கின. அவற்றின் விதையில் வந்த பேரப்பிள்ளைகளே பதினேழாம் வரிசை. நூற்றிருபதில் தொண்ணூற்றொன்று நிற்கின்றன, இருபத்தொன்பது சுருண்டுவிட்டன. இரண்டு முறை எண்ணினேன். ஏறக்குறைய நாலுக்கு மூன்று. தாயைப் போல பிள்ளை என்பார்களே, பிள்ளைகளிடம் எட்டிப்பார்க்காத வாட்டம் பேரப்பிள்ளைகளிடம் எப்படி வந்தது? அதுவரை எங்கே ஒளிந்திருந்தது? இதே யோசனையில் நேற்று பாலைப் பொங்கவிட்டு வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

4. விஞ்ஞானி அம்மா மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டேன். "நிக்கிற ஒவ்வொரு செடியோட விதையையும் தனித்தனியா எடுத்து வைங்கக்கா. விதைச்சுப் பாக்கலாம். எதோட பிள்ளைங்க ஒண்ணுகூட வாடலையோ, அதுதான் நமக்கு வேணும்" என்றார். காய் முற்ற இன்னும் ஒன்பது நாள் ஆகும். மருந்தடித்த தீவனத்தை உடனே மாட்டுக்குப் போட முடியாமல் தவிப்பவர்களுக்கு, மருந்தே கேட்காத செடி இதிலிருந்து கிடைக்கலாம். உழுதுவிட்டால் மூன்று பருவத்து உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிடும்.

5. கட்டத்துக்கு வெளியே எழுதத் துணியாதது என் தவறுதான். அதற்கு என்னிடம் விளக்கம் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

ஆகவே ஒன்பது நாள் மட்டும் அவகாசம் தந்து, ஒருமுறை நேரில் வந்து செடிகளைப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டிராக்டர் ஓட்டும் அண்ணன் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். வண்டி கிளம்பவில்லை என்று மேலே சொல்லிவிட்டு, பத்து மணிவரை நிற்பதாக ஒப்புக்கொண்டார். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை, ஐயா.

இடம்: மூன்றாம் வலைக்கூடம்
நாள்: வியாழன், காலை எட்டரை மணி

தங்கள் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்,
(கையொப்பம்)
களப் பதிவாளர்