பூண்டிக்குப் போய்ச் சேராத அக்காவுக்கு

எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய என் கஸ்தூரி அக்காவுக்கு,

நேற்றுக் காலையில் அண்ணன் போன் செய்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அவன் எல்லாம் முடிவு செய்துவிட்டிருந்தான். "படையல் போட்டுட்டு எல்லாரும் பூண்டி ஏரிக்குப் போய் வந்துடலாம் வசந்தி. அவ ஆசப்பட்ட எடமாச்சே. உன் ஊட்டாண்டயே வண்டிய எடுத்துகினு வரேன்" என்றான்.

கேட்டாயா அக்கா? இப்போது கார் வருகிறதாம்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே எழுதப் போகிறேன். ஏனென்றால் அண்ணன் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். உன் காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம், "என் தங்கச்சிக்கு நான் இன்னா கொற வெச்சேன்?" என்று கேட்டான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சின்ன வயதில் போலியோ வந்து உன் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலில் இரும்புக் கம்பி வைத்த காலணியை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்குப் போய், சுவிட்சுக்குத் திருகாணி பூட்டினாய். மாலையில் அண்ணன் வீட்டுக் கீழறைக்குத் திரும்புவாய். உன் உலகம் அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் டிவியில் பூண்டி ஏரியின் மதகைத் திறந்ததைக் காட்டினார்கள். வெள்ளையாய்ப் பாய்ந்த தண்ணீரைப் பார்த்து, "ஏய், இதானே நம்ம குழாய்ல வர்ற தண்ணி? பக்கத்துல போய் நின்னா மூஞ்சில அடிக்குமாடி?" என்று கேட்டாய். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணி லாரிக்கும் குழாய்க்கும் அலைந்தவளுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க ஆசை. பெரிய ஆசையா அது?

அண்ணனிடம் கேட்டாய். "ரயில்ல, பஸ்ல எல்லாம் உன்னால முடியாது. நானே கார்ல கூட்டினு போறேன்" என்றான். அவனுக்கு மனை விற்கும் தொழில். ஞாயிறு தவறாமல் யார் யாரையோ காரில் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் தாண்டி, அந்தப் பூண்டி ரோட்டிலேயேதான் போய் வருவான். பின் சீட்டில் உனக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. மழை வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும், "அடுத்த வாரம் பாக்கலாம்."

கடைசியில் நீதான் சொன்னாய். "அவனுக்குக் காத்திருந்தா ஏரி வத்திப்பூடும். நாம ரெண்டு பேரும் ரயில்ல போலாம், வா."

அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புளிசாதம் கட்டிக்கொண்டு, பச்சைப் புடவையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் எனக்காக உட்கார்ந்திருந்தாய். நான் திருநின்றவூரிலிருந்து உன்னை அழைக்க வந்தேன். ரயில் வந்ததும் நான் பதறினேன். "எல்லாரும் ஏறட்டும்டி. நாம ராணி மாதிரி கடைசில ஏறலாம்" என்றாய். ஏறினாய். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஆவடியை ஏதோ வெளிநாட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

திருவள்ளூரில் இறங்கினால் மேம்பாலத்துப் படிக்கட்டு. நின்று ஏற முடியவில்லை. புடவையைச் சுற்றிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கித் தூக்கி ஏறினாய். ஒரு ஆள், "யாராச்சும் தூக்கி வுடுங்கப்பா" என்றார். "நானே வரேன், நீ கொஞ்சம் நவுரு" என்றாய். மேலே போனதும் வேர்த்துக் கொட்டச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை அக்கா. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

அங்கே அண்ணனுக்குத் தெரிந்த எவனோ ஒருவன் நின்றிருக்கிறான். போன் போயிருக்கிறது.

நாம் ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையம் போனோம். பூண்டி பஸ் நின்றிருந்தது. கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்துவிட்டாய். அப்போதுதான், மனை விஷயமாக அந்தப் பக்கமே வந்திருந்த அண்ணனின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. வருஷக்கணக்கில் வராத கார்.

"எறங்கு. மொதல்ல எறங்கு. ஸ்டேஷன்ல தவழ்ந்துகினு போறியாமே? பாத்தவன் என்னைத்தானே காறித் துப்புவான்?"

"நா தவழலண்ணா. உக்காந்து ஏறினேன்."

"எல்லாம் ஒண்ணுதான். கார்ல ஏறு, ஊட்டுக்குப் போலாம்."

நீ கோபப்படவில்லை. குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாய். "சரி, வந்ததுதான் வந்துட்ட. நீயே கூட்டினு போயேன். இன்னும் கொஞ்ச தூரந்தானே கீது?"

"அம்பத்தூர்ல கஸ்டமர் காத்துகினு கீறாங்க. இன்னொரு நாள் பாக்கலாம்."

நான் கத்த ஆரம்பித்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. பஸ்ஸில் ஏறாமலே போன உன் இடது காலை நீயே இரண்டு கையாலும் எடுத்துக் காருக்குள் வைத்துக்கொண்டாய்.

காரில் மனை விற்கும் நோட்டீஸ் கட்டுக் கட்டாகக் கிடந்தது. பூண்டி ஏரிக்கு மிக அருகில் என்று போட்டு, ஏரியின் படமும் அச்சடித்திருந்தான். அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாய். வண்டி ஓட்டிய அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு நீ என்ன நினைத்தாய் அக்கா? ஏன் எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை? அதற்கப்புறம் நீ ஏரி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

அடுத்த மார்கழியில் உனக்குச் சளி நெஞ்சில் கட்டியது. மூச்சுக்குத் தவித்தபோது அண்ணன் உன்னைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். அதையும் சொல்லத்தானே வேண்டும்? ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்காலோடு நின்று அழுதான். சாகக் கிடந்தவளுக்கு ஓடிய கார், உயிரோடு இருந்தவளுக்கு ஏன் ஓடவில்லை? இதை நான் யாரிடம் கேட்பது?

போன மாதம் நான் மட்டும் பூண்டிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. திருநின்றவூரில் ரயில் ஏறினேன். திருவள்ளூரில் இறங்கிப் பஸ் பிடித்தேன். அவ்வளவுதான் அக்கா, அவ்வளவுதான். உட்கார்ந்து ஒரு தூக்கம் போடக்கூட நேரமில்லை.

பஸ்ஸில் தடி ஊன்றிய ஒரு பெரியவர் ஏற வந்தார். கண்டக்டர் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்து, "மெதுவா ஏறு பெருசு, உன்ன வுட்டுட்டு வண்டி எங்கயும் ஓடாது" என்றார். பஸ் காத்திருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை, ஒருவருக்கும் மானம் போகவில்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஏரியில் மதகு திறந்திருந்தது. மீன் வறுத்து விற்கிறார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நீ கேட்டாயே, ஆமாம், தண்ணீர் மூஞ்சியில் அடிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மோசமான இடமாக இருந்திருந்தால், இதற்காகவா ஏங்கினாள் என்று மனசைத் தேற்றியிருப்பேன். நிற்க முடியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

இதெல்லாம் நெஞ்சில் கிடக்க, நேற்று அண்ணனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "எல்லாரும்னா யாருண்ணா? அவ வர்லயே."

"இன்னா பேச்சு பேசற நீ? எனக்கு மட்டும் வலிக்கலயா?" என்றான். நடிப்பில்லை, அழுதான். நீயாக இருந்தால் உடனே, "சரி வுடுண்ணா" என்றிருப்பாய். நான் நீ இல்லை. போனை வைத்துவிட்டேன்.

அவன் அழுதுவிட்டுப் போகட்டும். ஆனால் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த ஏரிக்கரையில் பிள்ளைகுட்டியோடு நின்று படம் எடுத்து, தங்கச்சி ஆசையை நிறைவேற்றிவிட்டேன் என்று அவன் ஊருக்குக் காட்டுவதற்கு நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். மன்னிப்பதா வேண்டாமா என்பது உனக்கும் அவனுக்கும் இடையில் இருந்தது. நீ எதையும் சொல்லாமல் போய்விட்டாய். உனக்குப் பதிலாக நான் மன்னிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். அவள் எந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறாளோ அந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பேன். ஒருத்தரிடமும் கேட்கமாட்டேன். அவன் வாசலில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஹாரன் அடிக்கட்டும். வீடு பூட்டியிருக்கும்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி வசந்தி
திருநின்றவூர்