பகலில் விழித்திருக்கும் அல்லி

19-1-61, வியாழன்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. மூக்கு ஒழுகல். நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்ட வேண்டியது, தவளை கிடைக்கவில்லை. நிம்மதி.

மதராஸ் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிறு பகல் ரயிலில் திருச்சி போகிறாராம். விழுப்புரத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் பூவைக் காட்ட வேண்டுமாம். போன கோடையில் அவர் நடத்திய வகுப்பில் நான் வாய் கொடுத்ததன் பலன். இந்தப் பக்கத்து வெள்ளை அல்லி ஒரு வகை அல்ல, இரண்டு என்றேன். "ஒரே வகைதாம்மா. இல்லேன்னு காட்டு, உன்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறேன்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆராய்ச்சி! தவளையிடமிருந்து விடுதலை! பூவைக் காட்டியே தீருவேன்.

மறக்காமல் இருக்க:
இ.அ. (இரவு அல்லி) – மாலையில் விரியும், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். இலை ஓரம் ரம்பப் பல். அடியில் பூனைமயிர்.
ப.அ. (பகல் அல்லி) – பகலில் விரியும். இலை அடி வழவழ. மகரந்தப் பையின் உச்சியில் குட்டி நாக்கு. நீலத்தில்தான் அதிகம், வெள்ளையும் உண்டு என்பதுதான் என் கட்சி.

20-1-61, வெள்ளி

பள்ளிக்கு முன் திருவாமாத்தூர். குளத்தில் இ.அ. சுலபமாகக் கிடைத்தது. பூசைக்கு என்று நினைத்து ஒரு அம்மாள் தானே பறித்துக் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை. சாமி கோபிக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

21-1-61, சனி

கிளியனூர் ஏரி. ப.அ.வுக்காக. உச்சி வெயிலில் நடு ஏரியில் வெள்ளையாக விரிந்து நிற்கிறது, மகராசி! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கரையில் மாடு மேய்த்த பெரியவர் கத்தினார்:

"அம்மா! வாணாம்மா! என்னா கஷ்டம் இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!"

முழங்கால் தண்ணீர். பூப் பறிக்க வந்தேன் என்றேன். நம்பவில்லை. பஸ் வரும் வரை கூடவே உட்கார்ந்து, தன் மருமகள் கஷ்டத்தை எல்லாம் சொன்னார். காலில் அட்டை இரண்டு.

வீடு வந்ததும் இரண்டு பூவையும் இலைகளோடு ஒரே வாளியில் வைத்தேன். அம்மா வந்து பார்த்தாள்.

"ரெண்டும் வெள்ளையா கீது, ரெண்டும் அல்லியா கீது. இத்த வச்சிக்கினு என்னாடி பண்ணப் போற?"

"நல்லாப் பாரும்மா. வேற வேற."

"இத்த மட்டும் வேற வேறன்னு சொல்லு. திண்டிவனத்து மாப்பிள்ளைங்க ரெண்டு பேர் போட்டோ காட்டுனா, ரெண்டும் ஒண்ணாத்தான் கீதுன்னு தள்ளிட்ட!"

 படங்கள் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே மீசை.

22-1-61, ஞாயிறு



வாளியோடு ஸ்டேஷன். இ.அ. மூடித் தூங்கிவிட்டது, ப.அ. முழித்திருந்தது. அருமை. ஆனால் பிளாட்பாரம் முழுக்கக் கொடி. அதே ரயிலில் ஒரு கட்சித் தலைவர் வருகிறாராம்.

ரயில் நின்றது. தோளில் துண்டு போட்ட ஒருவர் என் வாளியைப் பார்த்தார்.

"மகளிர் சார்பா டீச்சரம்மா வந்துட்டாங்க! வழி உடுங்கப்பா, ஜல்தி!"

"ஐயோ, இது வேறங்க, இது ஆராய்ச்சிக்கு" என்றேன். யார் கேட்டது? 'வாழ்க' சத்தம். துண்டுக்காரர் ப.அ.வைத் தூக்கினார். இரண்டு முழத் தண்டு. வளைத்து முடிச்சுப் போட்டு மாலையாக்கி என் கையில் திணித்துத் தள்ளினார். எதிரே தலைவர், குனிந்த தலையோடு. போடாமல் என்ன செய்வது? போட்டேன். பாவி.

அப்போதுதான் பேராசிரியர் இறங்கி வந்தார். "எங்கேம்மா பூ?"

தலைவரின் நெஞ்சைக் காட்டினேன்.

மனிதர் தயங்கவே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் தலைவரின் மார்பில் முகத்தை வைத்தார். கூட்டம் இன்னும் பலமாக 'வாழ்க' போட்டது. தலைவர் நெகிழ்ந்து அவர் முதுகைத் தட்டினார். "உங்க அன்புக்கு நன்றி."

"கொஞ்சம் அசையாம இருங்க. நாக்கைப் பாக்கணும்" என்றார் பேராசிரியர்.

தலைவர் நாக்கை நீட்டினார்!

நான் வாளியோடு முண்டிப் போய், தூங்குகிற பூவையும் இரண்டு இலைகளையும் நீட்டினேன். பேராசிரியர் இலை அடியைத் தடவினார். தடவினார். விசில். பூவை விட மனமில்லாமல் பேராசிரியர் தலைவரின் பின்னாலேயே போய் அவர் பெட்டியில் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்த பிறகு ஜன்னலில் தலை:

"ரெண்டும் வேறதாம்மா! நான் சொன்னது தப்பு! ஜூலையில வந்து சேரு!"

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இவ்வளவு சந்தோஷம் எனக்குத் தாங்கவில்லை. துண்டுக்காரர் சோடா வாங்கிவந்து பக்கத்தில் குந்தினார்.

"அழாதீங்க டீச்சரம்மா. தலைவரு அடுத்த மாசமும் இந்த வழியாத்தான் வர்றாரு."