காற்றில்லாத உலகத்தில் ஒரு கிறிஸ்துமஸ்

கீழ்வீட்டில் கிறிஸ்துமஸ் டார்ட்டுக்கு அன்னாசி ஜாம் கிண்டுகிறார்கள். பட்டையும் கிராம்பும் கலந்த அந்த வாசனை, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டெல்லாம் ஏறி என் சமையலறைக்குள் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் கிள்ளானிலிருந்து போன் செய்து, "டார்ட் வந்துச்சா? எனக்கு மாவு வேணாம், ஜாம மட்டும் எடுத்து வை லா" என்றிருப்பாய். இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பித்தவள், டார்ட் தின்பதில் மட்டும் சின்னப்பிள்ளை. இந்த வாசனைக்கு எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். டிசம்பர் வரைக்குமாவது இருந்திருக்கக் கூடாதா?

நேற்று நம் சபை வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட் முடிந்தது. கடைசி வீடு வழக்கம்போல் உன் வீடு. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ கதை சொல்ல ஆரம்பித்த வருஷம் நினைவிருக்கிறதா? சுங்கை வேயில் வேன் ஏறி, பண்டமாரான் வரை வீடு வீடாகப் பாடிவிட்டு, சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் உன் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தோம். பாடி முடித்தால் வீட்டுக்காரர் ஜெபம், அப்புறம் சாப்பாடு. அதுதான் முறை. நீ ஜெபத்துக்கு முன்னால் எழுந்து, "ஒரு கதை சொல்றேன்" என்றாய். ஒரு பனி நிலா, அதன் உறைந்த கடலுக்கு அடியில் வெளிச்சத்தையே பார்த்திராத ஜீவன்கள், அவர்கள் நடுவே ஒரு குழந்தை. எங்கள் குழுத்தலைவர் சாலமன் அங்கிளுக்குப் பொறுக்கவில்லை.

"சிஸ்டர், கேரல் ரவுண்டுல ராக்கெட் எதுக்கு?"

"கர்த்தர் இந்த ஒரு கிரகத்துக்கு மட்டுமா கர்த்தர், அங்கிள்?" என்றாய்.

மறு வருஷம் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இந்தத் தடவ எந்தக் கிரகம்?" என்று கேட்டவர் அவர்தான். பெத்லகேமில் ஒருமுறை பிறந்தது எல்லா உலகங்களுக்கும் போதுமா, அந்தந்த உலகத்துக்கு அவர் அந்தந்த உடம்பில் போவாரா என்று உங்கள் பண்டிதர்கள் வாதாடுவார்களாம். நீ அதைக் கல்லூரியில் கட்டுரையாக எழுதினாய். எங்களுக்குப் பலகாரத் தட்டுக்கு முன்னால் கதையாகச் சொன்னாய். அட்டை கிழிந்த அறிவியல் புனைகதைகளும் கிரேக்க அகராதியும் ஒரே அலமாரியில் இருந்த வீடு வேறெங்கே உண்டு?

கதையில் பிறப்பு வரும் இடத்தில் நீ நிறுத்திவிடுவாய். அதை நான் கீபோர்டில் வாசிக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "சுவிசேஷத்துல பிறப்புக்கு ஒரே ஒரு வசனம்தான் லா. மேய்ப்பர்களுக்குத்தான் நீளமா இருக்கு. எழுதினவருக்கே அந்த எடத்துல வார்த்தை வரல, எனக்கு வருமா? நீ வாசி" என்றாய்.

அந்த முதல் தடவை நான் வாசித்த லட்சணம் வேறு. இரண்டு கட்டைகளை மெதுவாகத் தொட்டேன், அவ்வளவுதான். காலையிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்டதும் வாய் திறந்தே பழகிய நம் குழு, பல்லவியை எடுத்துவிட்டது. டிரம், கைதட்டல், எல்லாம். பனிக்கடலுக்கு அடியில் அந்தக் குழந்தை அவ்வளவு இரைச்சலில் பிறந்தது. நீ சோபாவில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "அங்கயும் நம்ம ஆளுங்க போய்ட்டாங்க போல" என்றாய். பிறகு ஒவ்வொரு வருஷமும் நான் வாசிப்பதற்கு முன்னால் சாலமன் அங்கிள் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் ஒரு முறை பார்த்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்ன கதையை நீ என்னிடம் மட்டும் சொன்னாய். காற்றே இல்லாத ஓர் உலகம். அங்கே யாரும் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. தாய் இருக்கிறாள், நேரம் வந்துவிட்டது என்பது வரை வந்து நிறுத்தினாய். உன் விரல்கள் போர்வைமேல் கட்டைகளைத் தேடுவதுபோல் அசைந்தன.

"காத்து இல்லேன்னா சத்தம் இல்ல. இப்ப எப்படி வாசிப்ப?"

தெரியவில்லை என்றேன். "யோசி" என்றாய். நான் யோசித்து முடிப்பதற்குள் போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்குப் பிறகு உன் வீட்டுக்காரர் தேவா அண்ணன் சபையில் பாட்டுக்கு எழுந்து நிற்பார், வாய் மட்டும் திறக்க மாட்டார். பேச்சும் குறைந்துவிட்டது. இந்த மாதத் தொடக்கத்தில் அவரே போன் செய்தார்.

"கடைசி வீட்ட மாத்திடாத, ரூத். கதைய உங்கிட்டதான சொன்னா? நீயே சொல்லிடு."

சரி என்று சொல்லிவிட்டேன். பிறப்பு இல்லாமல் அந்தக் கதை பாதியில் நின்றால், அவர் கண்ணெதிரே நீ இரண்டாம் தடவை சாவாய் என்று தோன்றியது. இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதேதோ வாசித்துப் பார்த்தேன். எதை வாசித்தாலும் அது சத்தமாகத்தானே இருக்கும்? அப்படி ஒரு மத்தியானம், வாசிப்பதை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ரயில் போயிற்று. காது அடைத்திருந்ததால் எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் வைத்திருந்த என் கைதான் அதிர்ந்தது.

நேற்று உன் கூடத்தில் கதையைச் சொன்னேன். உன்னைப்போல் வரவில்லை, இரண்டு இடத்தில் தடுமாறினேன். பிறப்பு வரும் இடத்தில் கீபோர்டை மூடினேன். எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொல்லி, முன்னால் நிற்பவர் முதுகில் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். "வாயத் திறக்காதீங்க. நம்ம கேரல் தாலாட்டுப் பாட்ட உள்ளுக்குள்ளயே முனகுங்க. காதால கேக்காதீங்க, கையால கேளுங்க."

"அந்த உலகத்துல இப்படித்தான் பாடுவாங்களா?" என்று சாலமன் அங்கிள் மெல்லக் கேட்டார்.

"ஆமா அங்கிள். தொட்டாத்தான் பாட்டு."

எனக்கு முன்னால் தேவா அண்ணன் நின்றார். வட்டம் முனக ஆரம்பித்தது. என் முதுகில் இருந்த அங்கிளின் கை வழியாக அவர் கட்டைக்குரல் என் விலா எலும்பு வரை வந்தது. என் கைக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. சுவரைத் தொடுவது போலிருந்தது. ஒரு சுற்று முடிந்தது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். யாரும் நிறுத்தாததால் நானும் தொடர்ந்தேன்.

இரண்டாவது சுற்றின் நடுவில் அவர் முதுகு லேசாக அதிர்ந்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. மெட்டு ஏறும் இடத்தில் அதிர்வும் ஏறியது, இறங்கும் இடத்தில் கொஞ்சம் பிந்தி இறங்கியது. பாடினார்.

சுருதி கொஞ்சமும் சேரவில்லை. அவருக்கு எந்தக் காலத்திலும் சேராது என்று நீயே கேலி செய்வாய். பாடகர் குழுவில் யாராவது ஒரு இழை விலகினாலும் நான் கண்ணாலேயே அதட்டுகிறவள். நேற்று அவர் முனகி ஓயும்வரை கையை எடுக்கவே இல்லை. வேனில் திரும்பும்போது அந்தக் கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டே வந்தேன். உன் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.