உன் குரலுக்கு ஒரு கறுப்புத் திரை

இன்று காலை எழுந்ததும் ஃபோனை எடுத்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட வழக்கமாக விரல் போகும் இடத்தில் ஒரு கார்ட்டூன் கரடி நின்று கையாட்டியது. "உங்களுக்காக என்னவெல்லாம் மாற்றியிருக்கிறோம், பாருங்கள்!" முன்பின் தெரியாதவன் வீட்டுக்குள் புகுந்து அடுப்பங்கரை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

நீ இருந்திருந்தால், "காசு குடுத்து வாங்குன வீட்டுல எவன்ட்டி வந்து துணி காயப்போடுதான்?" என்று கேட்டிருப்பாய். தேவையில்லாமல் அனுமதி கேட்ட ஒவ்வொரு ஆப்பையும், தானாக முளைத்த ஒவ்வொரு விளம்பரத்தையும் பார்த்து நீ கேட்டது அதுதான். நீ போனபின் இரண்டு துர்கா பூஜா வந்து போய்விட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் எவனும் பதில் சொல்லவில்லை.

கொல்கத்தா நியூ டவுனில் நாம் இருவரும் ஒரே ஃப்ளாட்டில் சேர்ந்தபோது எனக்கு உன் வாயைக் கண்டாலே பயம். நான் ஈரோட்டுக்காரி, மெதுவாகப் பேசுகிறவள். நீ பாளையங்கோட்டை. ஆப் டாக்சி டிரைவரிலிருந்து நாம் காக்கீமா என்று கூப்பிடும் வீட்டுக்கார அம்மா வரை எல்லோரிடமும் அரைகுறை வங்காளத்தில் சண்டை போட்டு, சண்டை முடிவதற்குள் சிநேகமாகிவிடுவாய். ஒரே கம்பெனியில் ஒரே மாடியில் வேலை. நான் திரைகளை வடிவமைக்கிறவள், நீ அவற்றுக்கு அடியில் ஓடுவதை எழுதுகிறவள். "நீ பூசுத பவுடருக்குக் கீழ நான்தான் முகம்" என்பாய்.

பிறகு தொண்டையில் அந்தக் கட்டி. குரல்பெட்டியோடு சேர்த்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு சின்னப் பருத்தித் துணி, அதற்கு மேலே அதே பழைய கண்கள்.

பேச முடியாதவளைக் கண்டால் ஊருக்கு ஏன் அவ்வளவு சத்தம் வந்துவிடுகிறது? உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் உன்னிடம் கத்தினார்கள். ஃபோனில் தட்டிக் காட்டுவாய். கண்ணாடித் திரையில் எழுத்தைத் தேட நீ தலையைக் குனிந்துவிட்டு நிமிர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். ஆபீஸ் கேண்டீனில் ஒருத்தி உன் கையிலிருந்தே ஃபோனைப் பிடுங்கி, நீ முடிக்காத வாக்கியத்தைப் படித்து, "ஓ, புரிஞ்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். வாய்க்குள் கைவிட்டு நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்ததைப் போல. அன்று நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாய். நானும் எழுந்து உன் பின்னால் வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கையடக்கக் கம்ப்யூட்டரை வரவழைத்தாய். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. மூடி திறந்தால் நிஜமான கீபோர்டு. விசைகளைப் பார்க்காமலே இரண்டு கட்டை விரலால் அடித்துக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்க்கலாம். அதுதான் உனக்கு வேண்டியிருந்தது. அடித்ததை அது உரக்க வாசிக்கும். முதல் நாள் நீ அதைக் கொண்டு என்னைத் திட்டினாய். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆனால் அதில் கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பிய சிஸ்டம் இருந்ததே! மறுபரிசோதனைக்குப் போன அன்று, "முழுங்கும்போது வலிக்குதா? எந்தப் பக்கம்?" என்று டாக்டர் உன்னைக் கேட்டார். நீ மூடியைத் திறந்தாய். நீலத் திரை. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள். நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. டாக்டர் கொஞ்சம் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இவங்களுக்குச் சாப்பாடு இறங்குதா?" என்றார்.

இவங்களுக்கு. நீ அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய்.

நீ மேஜையைத் தட்டினாய். அவர் வாட்ச்சைப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினாய்: 'துடைச்சு எறி.'

வீட்டுக்கு வந்ததும் துடைத்து எறிந்தோம். அதன்பின் அந்தச் சின்னப் பெட்டிக்குள் எந்த சிஸ்டத்தைக் குடிவைப்பது என்று நாம் போட்ட சண்டை! முதலில் நான் சொன்ன லினக்ஸ், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத சிஸ்டம். பார்க்க அழகான டெஸ்க்டாப், வட்டமான ஐகான்கள், கீழே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை. ஏற்றியதும் திரை பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டே அதை நிமிர்த்தினோம். அந்தக் குட்டித் திரையில் இரண்டு பட்டைகளும் பாதி இடத்தைத் தின்றுவிட்டன. ஏதாவது பெட்டி திறந்தால் அதன் ஓகே பட்டன் திரைக்கு வெளியே எங்கோ கிடந்தது. மூடியை மூடினால் தூங்கியது, திறந்தால் எழுந்திருக்க யோசித்தது. அடுத்து, ஃபோன்களில் வருகிற மாதிரி ஒன்று. அது சுறுசுறுப்புதான். ஆனால் நிஜக் கீபோர்டு கண்முன்னே இருக்கும்போதே திரையில் இன்னொரு கீபோர்டை விரித்துக்கொண்டு வந்தது. ஒரு ஓரத்தில் ரம்மி விளையாடக் கூப்பிட்டது. நீ அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கி என் மடியில் போட்டாய்.

கடைசியில் நீயே அடித்தளம் மட்டும் உள்ள ஒரு லினக்ஸை எடுத்தாய். டெஸ்க்டாப்பே இல்லை. ஐகான் இல்லை, பட்டை இல்லை, மௌஸ் அம்புகூட இல்லை. மூடியைத் திறந்தால் கறுப்புத் திரை, அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி. அடித்து என்டரைத் தட்டினால் பேசும். அவ்வளவுதான்.

"இது என்ன, கிணத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கு. உங்கம்மா எடுத்துப் பார்த்தா ஒண்ணும் புரியாது" என்றேன்.

நீ அடித்தாய். பெட்டி சொன்னது: "எங்கம்மாவா பேசப் போறா?"

குரலுக்கும் சண்டைதான். இணையம் வழியாக வரும் தேன் போன்ற ஒரு பெண் குரலை நான் தேடிப் பிடித்தேன். பெட்டிக்குள்ளேயே இருந்ததோ தகரத்தில் ஆணியால் கீறுகிற ஒரு எந்திரக் குரல். "ஏட்டி" என்று நீ அடித்தால் அதை அரசாணை மாதிரி வாசித்தது. நீ தகரத்தைத்தான் எடுத்தாய். "நான் எங்கம்மாகிட்ட பேசுததை எவன் மெஷினுக்கோ அனுப்பிட்டு, அவன் திருப்பித் தந்த பொறகுதான் அவ காதுல விழணுமா? த்தூ" என்றது தகரம். அந்த 'த்தூ'வை அது அவ்வளவு மரியாதையாக உச்சரித்தது. மூடியிருக்கும்போதும் பெட்டி தூங்கக்கூடாது என்று வைத்துவிட்டாய். பாட்டரி சீக்கிரம் தீரும் என்றேன். பை கனத்தால் கனக்கட்டும் என்று ஒரு பவர்பேங்க்கைச் சுமந்தாய்.

கரியாஹாட் சந்தையில் அதன் முதல் வெற்றி. நடைபாதைக் கடையில் ஒரு படுக்கை விரிப்பு. கடைக்காரர் வழக்கம்போல் என்னைப் பார்த்து விலை சொன்னார். நீ ஒரு விசையைத் தட்டினாய். "தாடான், கொதா ஷேஷ் ஹொய்னி" என்று தகரம் வங்காளத்தில் கூவியது. பொறுங்க, நான் இன்னும் பேசி முடிக்கலை. அந்த ஒரு வாக்கியத்துக்கென்றே தனி விசை வைத்திருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். கடைக்காரர் துள்ளி விழுந்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பினார்கள். பிறகு அவர் உன் முகத்தைப் பார்த்தே பேரம் பேசினார். தோற்றும் போனார். வரும் வழியெல்லாம் நீ விரிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாய்.

ஆபீஸில் அந்தப் பெட்டியை உள்ளே விடவில்லை. அங்கீகாரம் இல்லாத சிஸ்டமாம். அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். 'எல்லோரையும் அரவணைக்கும் வாரம்' என்று கேக் வெட்டி, பலூன் கட்டி. திரை நிறைய மஞ்சள் முகங்கள். தொட்டால் கொஞ்சு குரலில் பேசும். பசிக்கிறது. தண்ணீர். நன்றி. மகிழ்ச்சி. மேனேஜர் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி, "அந்த தேங்க் யூவைக் கொஞ்சம் அமுக்கும்மா" என்றார்.

அன்று காவலாளியை எப்படிச் சமாளித்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பையிலிருந்து உன் பெட்டியை எடுத்தாய். மேனேஜர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தாய். தகரக் குரல் ஆங்கிலத்தில் ஹால் முழுக்கக் கேட்டது: "இதில் நன்றி இருக்கிறது, மகிழ்ச்சி இருக்கிறது. முடியாது என்று சொல்ல பட்டன் எங்கே?"

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். "என்ன நகைச்சுவை உணர்வு!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மறுநாள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நீ டேப்லெட்டைப் பிடித்திருக்கும் படம், கீழே 'நாங்கள் குரல் கொடுத்தோம்.' நான் அதைப் படித்துவிட்டுக் கழிவறைத் தொட்டியில் காறித் துப்பினேன். எச்சிலோடு முந்தின நாள் கேக்கின் கிரீம் வாசனை வந்தது.

நோய் திரும்பியபோது உன் அம்மா ஊரிலிருந்து வந்தார்கள். முதலில் அந்தத் தகரக் குரலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அதோடு சண்டை போட ஆரம்பித்தார்கள், ரசத்துக்கு, போர்வைக்கு, எதற்கெடுத்தாலும். அடுத்த அறையிலிருந்து கேட்டால் பழையபடி நீயும் அம்மாவும்தான்.

இன்னொரு சுற்று மருந்து ஏற்றலாமா என்ற பேச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் இருவரிடமும் ஆங்கிலத்தில் விளக்கினார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது. உடனே குரலும் வந்தது.

"என்கிட்ட சொல்லுங்க. பிழைப்பேனா?"

அவர் திரும்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உன் எதிரில் உட்கார்ந்தார். "கஷ்டம்" என்றார்.

"அப்படீன்னா வேண்டாம். வீட்டுக்குப் போறேன்."

"என்னட்டி சொல்லுத?" என்று அம்மா அலறினார்கள். நீ தமிழுக்கு மாற்றி அடித்தாய்: "இந்த மஞ்சச் சுவத்தப் பாத்துக்கிட்டு நான் சாவ மாட்டேன்மா." அம்மா அழுதார்கள், ஆனால் வாதாடவில்லை. பால்கனி ஓரத்தில் கட்டிலைப் போட்டோம். மழை பார்த்தாய். நீ போனபின் அம்மா அந்தப் பெட்டியைப் புடவைக்குள் சுற்றி ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

போன மாதம் எனக்கு ஒரு புது வேலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் நர்சைக் கூப்பிட ஒரு கையடக்கக் கருவி. அதன் திரையை நான் வடிவமைக்க வேண்டும். கையில் எடுத்ததும் முதலில் ஒரு இன்ஷூரன்ஸ் விளம்பரம், அதன்பின்தான் அழைப்பு பட்டன். வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்கிறார் என்றார்கள்.

முடியாது என்றேன்.

"ரெண்டு செகண்ட் தானே, திதி?" என்றான் டீம் லீட், என்னை வங்காளத்தில் அக்கா என்று கூப்பிடும் சின்னப் பையன்.

"உன் வாயை நான் ரெண்டு செகண்ட் பொத்திக்கிறேன். நீ அம்மான்னு கூப்பிடு, பார்க்கலாம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், நான் மெதுவாகப் பேசுகிறவள். மீட்டிங்கில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் என்னை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். அந்தத் திரையை இப்போது வேறு யாரோ வரைந்துகொண்டிருக்கிறார்கள். விளம்பரம் வரத்தான் போகிறது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? துக்கம் குறைந்துகொண்டு வருகிறது. சில நாள்களில் உன்னை நினைக்காமலே தூங்கிப்போகிறேன். அருவருப்புதான் குறையவில்லை. கெட்டுப்போன பாலை முகர்ந்தவுடன், யோசிப்பதற்கு முன்னாலேயே முகம் சுளிக்கிறதல்லவா, அப்படி அது உடம்பில் தங்கிவிட்டது. போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள் ஆபீஸில். பழகிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.